ஏழு முறை புதியவர்

எங்கள் ஆலயத்தில் ஆராதனை முடிகிற நேரத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறிவிப்புகளை வாசித்தபின், "இன்றைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்" என்று போதகர் சொல்வார். எழுந்து நிற்பவர்கள் பெயரையும் சொந்த ஊரையும் வேலையையும் சொல்வார்கள். சபையார் கைதட்டுவார்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் அவர்களைப் போதகர் அறைக்கு அழைத்துப்போய் டீயும் பட்டர் பிஸ்கட்டும் கொடுத்து, பத்து நிமிடம் பேசி, ஜெபம் பண்ணி அனுப்புவோம். அந்த அறையின் மூலையில் உட்கார்ந்து, வந்தவர்களின் விவரத்தைப் புதியோர் நோட்டில் எழுதிக்கொள்வது என் வேலை.

வேலை என்று யாரும் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டது. ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பாகம், எந்த நாள், எந்த ஷிஃப்டில் செய்தது என்று ஆயுசு முழுக்க எழுதியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு ஆலயத்தின் பழைய பதிவேடுகளை எடுத்துத் தூசி தட்டி ஒழுங்குபண்ணினேன். ஞானஸ்நானத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று, சபைக் குடும்பங்களுக்கு ஒன்று என்று நான்கு இருந்தன. பிறந்தவர்கள், கட்டிக்கொண்டவர்கள், செத்தவர்கள் எல்லாருக்கும் இடம் இருந்தது. வந்துபோனவர்களுக்கு மட்டும் இல்லை. ஒரகடம் சாலையில் இருக்கிற ஆலயத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வந்துபோகிறவர்கள்தாம். தெற்கே இருந்து வேலைக்கு வருவார்கள், ஆறு மாதம் இருப்பார்கள், கம்பெனி மாறுவார்கள், காணாமல் போவார்கள். அதனால் ஒரு நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். நாள், பெயர், ஊர், இருப்பிடம், வேலை, கடைசியில் ஜெபக் குறிப்பு. நாள் பத்தியில் மட்டும் ஆலய நாட்காட்டிப்படி, ஈஸ்டருக்குப் பின் இத்தனையாம் ஞாயிறு என்று எழுதுவேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இப்போது சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

போன வருடம் அறுப்பின் பண்டிகை முடிந்த வாரத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நகரங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் தனிமையில் வாடுகிறவர்கள் பெருகிவருகிறார்கள், சபைகள் இதற்கு என்ன செய்கின்றன என்று கேட்டிருந்தார்கள். இந்த வருடம் எத்தனை புதியவர்கள் வந்தார்கள் என்பதும் ஒரு கேள்வி. போதகர் என்னைப் பார்த்து, "நம்ம சபையிலதான் நோட்டு இருக்கே" என்றார். நான் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். நாலைந்து பக்கம் தாண்டியதும் ஒரு பெயர் கண்ணில் இடித்தது. தென்பக்கம் சகஜமான பெயர்தான், எங்கள் சபையிலேயே நான்குபேர் இருக்கிறார்கள். ஆனால் ஊரும் ஒன்றாக இருந்தது: தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர். வேலையும் ஒன்று: ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர். முன்னும் பின்னும் புரட்டினேன். ஒரே மனிதர் ஏழு முறை புதிதாக வந்திருந்தார்.

முதல் வரவு ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. இரண்டாவது அதற்கு மூன்று வாரம் கழித்து. பிறகு ஆறு வாரம், மூன்று, ஒன்பது, மூன்று, மூன்று. எல்லாம் மூன்றின் மடங்கு. இந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவனுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. வார லீவு சுற்றிச்சுற்றி வருகிற கம்பெனி. மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் அவருக்கு ஞாயிறு கிடைக்கிறது. இது எனக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. ஏழு முறை எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். வரவில்லை.

என் மனைவி தோசைத் தட்டோடு வந்து, "என்ன, முழிக்கிறீங்க?" என்றாள்.

"ஒரே ஆளு ஏழு தடவை புதுசா வந்திருக்காரு."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

அவள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு நானே சில சமாதானங்கள் சொல்லிக்கொண்டேன். போதகருக்கு மூன்று ஆலயங்கள், எங்களுக்கு மாறிமாறித்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அவருக்குப் பதிலாக உபதேசியார் ஆராதனை நடத்துவார். ஜூனில் பழைய போதகர் மாற்றலாகிப் புதியவர் வந்தார். டீ போடுகிற பெண்கள் ஐக்கியத்தில் ஐந்து குழு, முறைவைத்து வருகிறார்கள். ஆக அந்த அறையில் ஏழு முறையும் இருந்த ஆள் நான் ஒருவன்தான். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரச் சபைக் கமிட்டியில் இதைச் சொன்னேன். சிரிப்பு எழுந்தது. படப்பையில் மனை விற்கிற கமிட்டி உறுப்பினர், "எங்க லைன்ல ஒரே பிளாட்டை ஏழு பேருக்கு விப்பானுங்க. இங்க ஒரே ஆளு ஏழு தடவை வந்து நின்னிருக்காரு. பரவால்லையே" என்றார்.

பெண்கள் ஐக்கியச் செயலாளர், "பிஸ்கட்டுக்கு வந்திருப்பாரோ? நாங்க வாங்குறது நல்ல பிஸ்கட்" என்றார்.

போதகர் சிரிக்கவில்லை. "பாவம், யாரும் அவரை உள்ளே எடுக்கல. பதிவேட்டில சேத்துடுவோம். இனிமே அவர் நம்ம ஆள்" என்றார். எல்லாருக்கும் அது சரியென்று பட்டது, எனக்கும்தான். சுற்றறிக்கைக்குப் பதிலாகத் தனிமையைப் பற்றி ஒருநாள் கருத்தரங்கு, சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டோடு என்றும் முடிவானது. தேதி குறித்தோம். ஃபிளெக்ஸ் அடிக்க ஒருவர் பொறுப்பெடுத்தார்.

மூன்றாவது வாரம் ஞாயிறு, என் கணக்குப்படி அவர் வரவேண்டிய நாள். கேட்டருகே நின்றேன். வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் உறைபோட்ட பைபிள். நான் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இனிமே எழுந்து நிக்க வேண்டாம். உங்களைச் சபையில சேத்தாச்சு. நீங்க நம்ம ஆள்" என்றேன்.

அவர் முகத்தில் எதையோ கண்டுபிடித்துவிட்டார்களே என்கிற மாதிரி ஒரு மாற்றம் வந்துபோனது. நான் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

"சரி சார்" என்றார்.

அன்று போதகர் புதியவர்களை எழச் சொன்னபோது, ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்த இரண்டு பெண்கள் எழுந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கடைசி பெஞ்சில் இரண்டு கையையும் முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்தது. நான் நோட்டோடு போதகர் அறைக்குப் போனேன். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து தேடினால் ஆள் இல்லை. சபையாருக்கு டீ கிடையாது. சபையார் என்றால் அவரவர் வீட்டுக்குப் போய்க் குடிப்பார்கள் என்று எண்ணம்.

அன்று மாலை அவரைச் சபைப் பதிவேட்டில் ஏற்றினேன். அது குடும்பவாரியான பதிவேடு. குடும்ப எண், குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், உடனிருப்போர். அவர் பெயரை முதல் வரியில் எழுதினேன். மற்ற வரிகளில் சிறு கோடுகள் இழுத்தேன்.

அடுத்து அவர் வரவேண்டியது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரங்களான ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு. வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறும் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார், கூட்டமாக இருக்கிறதே பஸ்ஸெல்லாம் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸும் புது வருடமும் போயின. ஜனவரியில் அவருடைய ஞாயிறு ஒன்று வந்தது. நான் கேட்டருகே ஆராதனை பாதி முடியும்வரை நின்றிருந்துவிட்டு உள்ளே போனேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தவள்போல, "நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை நம்ம போதகர் ஐயர் பொது ஜெபத்துல, ஊர்ல ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன்னு சொன்னாரே. அது யாரோட அம்மா?" என்று கேட்டாள்.

நோட்டை எடுத்தேன். அதுவரை நான் நாட்களைத்தான் பார்த்திருந்தேன், கடைசிப் பத்தியை வாசிக்கவில்லை. முதல் வரவில் கோடு. இரண்டாவதில், 'தாயார் சுகம்பெற'. மூன்றாவதில், 'தாயார் சுகம்பெற'. நான்காவதில், 'தாயாருக்கு ஆபரேஷன்'. அதன்பிறகு ஒன்பது வாரம் அவர் வரவில்லை. ஐந்தாவதில், 'இல்லை'. ஆறாவதில், 'இல்லை'. ஏழாவதில், 'இல்லை'. எல்லாம் என் கையெழுத்து. அந்த ஐந்தாம் முறை உபதேசியார் "ஏதும் ஜெபக் குறிப்பு உண்டா தம்பி?" என்று கேட்டிருப்பார். அவர் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார். நான் எழுதிவிட்டு அடுத்தவர் பெயரைக் கேட்டிருப்பேன்.

"அவர் வந்தது அந்தப் பத்து நிமிஷத்துக்கு" என்றாள் மனைவி. "நீங்க எல்லாரும் சேந்து அதை எடுத்துட்டீங்க. போய்ப் பாருங்க."

இருப்பிடப் பத்தியில் மூன்று விலாசங்கள் இருந்தன. முதலில் ஒரகடத்தில் ஒரு ஹாஸ்டல், பிறகு பென்னலூர், கடைசி மூன்று வரவிலும் இருங்காட்டுக்கோட்டை. மறுநாள் காலை கிளம்பினேன். என் வீடு இருக்கிற படப்பையிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு பஸ், பிறகு நெடுஞ்சாலையில் இன்னொரு பஸ். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியில் இரண்டு ஆலயங்களைக் கண்டேன். அவருக்கு இவை பக்கம். இவற்றைத் தாண்டி எங்களிடம் எதற்கு வந்தார் என்று அப்போது புரியவில்லை.

அது ஒரு பழைய வீட்டின் பின்னால் வரிசையாகக் கட்டிய எட்டு அறைகள். முன்னால் இரண்டு மாடுகள் கட்டியிருந்தன. வீட்டுக்கார அம்மா தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், ரூம் வோணுமா? ஃபுல்லு" என்றார்.

பெயரைச் சொன்னேன்.

"தூங்கினு கீறாரு. நைட் ஷிஃப்டு. நீங்க சொந்தமா?"

"கோயில்ல தெரிஞ்சவங்க."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அவருக்குத் தெரிஞ்சவங்கன்னு இதுவரைக்கும் யாரும் வந்தது இல்ல. வாடகையை ஒண்ணாந் தேதி வாசல்ல நின்னுனு குடுப்பாரு, உள்ள வர மாட்டாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. ஆனா தெனம் வந்து இந்த மாட்டாண்ட நின்னு பேசினு இருப்பாரு. இது இன்னாத்த கண்டுது? தலைய ஆட்டும்." கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உங்க பண்டிகைக்கு எல்லாப் பசங்களும் ஊருக்குப் பூட்டானுங்க. இவரு மட்டும் இங்கியேதான். நான் வடை குடுத்தனுப்பினேன், நியூ இயருக்குப் பாயசம். பாத்திரத்தை வெளக்கித் திருப்பிக் குடுத்தாரு."

எழுப்பவேண்டாம் என்று சொல்லியும் அவர் போய்க் கதவைத் தட்டினார். கைலியோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கொடியில் கம்பெனி யூனிஃபார்ம். என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நின்றார்.

"தப்புதான் சார்" என்றார்.

"எது?"

"பொய்யாத்தான் எந்திரிச்சேன். மொதத் தடவை நெசம். ரெண்டாவது தடவை வந்தப்ப, ஆராவது அடையாளம் கண்டுக்கிடுவாகன்னு பாத்தேன். பக்கத்துல இருந்தவரே 'தம்பி புதுசா'ன்னு கேட்டாரு. சரி, நான் புதுசுதாம் போலன்னு எந்திரிச்சேன். அப்புறம் பழகிப்போச்சு." கொடியில் கிடந்த யூனிஃபார்மை இழுத்துச் சரிசெய்தார். "இந்தப் பக்கத்துக் கோயில்ல எல்லாம் புதுசா வந்தவங்கள எந்திரிக்கச் சொல்ல மாட்டாக, பாத்துக்கிடுங்க."

தாயாரைப் பற்றிக் கேட்டேன்.

"ஆபரேஷன் ஆகி எட்டாம் நாள் போயிட்டாக. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போன் பேசுவேன் சார். கோயிலுக்குப் போனியா, ஆரு வந்திருந்தா, என்ன பிரசங்கம்னு எல்லாம் கேப்பாக. டீ குடுத்தாக, ஐயர் பேசுனாருன்னு சொல்லுவேன். அவகளுக்கு அது ஒரு சந்தோசம். மகன் அங்க நாலு பேரு மத்தியிலதான் இருக்கான்னு." நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவுக போன பெறகும் எந்திரிச்சேன். சொல்லதுக்கு ஆள் இல்லன்னாலும்."

"அதை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"புதுசா வந்தவன் எப்படி சார் எடுத்த எடுப்புல அதைச் சொல்லுவான்?"

நான் வந்த வழியெல்லாம் இந்தச் சபை உங்கள் குடும்பம் என்று ஏதோ சொல்லத் தயார்பண்ணி வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஏழு முறை எழுதியும் அவரைப் பார்க்கவில்லை என்றேன். அடுத்த ஞாயிறு லீவு எப்போது என்று கேட்டேன். எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கேட்டேன்.

"இந்த மாசக் கடைசி சார்."

"அதுக்குள்ள டீ எல்லாருக்கும்னு ஆகிடும். புதுசு பழசு எல்லாம் பாக்க மாட்டோம்" என்றேன். அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.

"பாக்கலாம் சார்" என்றார். நம்பிச் சொன்ன மாதிரி இல்லை. பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். போகும்போது மாட்டின் நெற்றியில் ஒருமுறை தட்டினார்.

கமிட்டியில் நான் அவ்வளவாகப் பேசுகிறவன் இல்லை. அந்த முறை பேசினேன். அவருடைய தாயாரைப் பற்றிச் சொன்னதும் மனை விற்கிறவர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாருக்கும் டீ என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. தடை வேறு இடத்தில் வந்தது.

"டம்ளர் யாரு கழுவுறது?" என்றார் பெண்கள் ஐக்கியச் செயலாளர். "இப்ப நாலஞ்சு டம்ளர், போயிடும். சபை முழுக்கக் குடிச்சா? எங்களுக்கும் வீட்ல சோறு ஆக்கணும் ஐயா. அந்தப் புள்ளைங்க தனியா இருக்காங்கன்னு வருத்தப்படறோம், கழுவுற இடத்துல நாங்க தனியாத்தான் நிக்கணும்."

நியாயமான பேச்சு. காகிதக் கப் என்றார் ஒருவர். போதகர் வேண்டாம் என்றார். கடைசியில் மனை விற்கிறவர்தான் சொன்னார்: "அவங்கவங்க குடிச்ச டம்ளரை அவங்கவங்க கழுவி வெச்சுட்டுப் போறது. கமிட்டி உறுப்பினர் உட்பட. நான் மொதல்ல கழுவுறேன், போதுமா?" புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்வதை நிறுத்தலாமா என்று கேட்டேன். அதற்குப் போதகர் ஒத்துக்கொள்ளவில்லை. சிலருக்கு அந்தக் கைதட்டு வேண்டியிருக்கிறது என்றார். அவர் சொன்னது சரிதான்.

இடையில் கருத்தரங்கும் நடந்தது. சென்னையிலிருந்து வந்தவர் நன்றாகவே பேசினார். ஃபிளெக்ஸ் பளிச்சென்று இருந்தது. வீணாகப் போனது என்று சொல்லமாட்டேன். கணவனை இழந்த ஓர் அம்மா முதல்முறையாகத் தன் வீட்டு மாலை நேரங்களைப் பற்றி அங்கேதான் பேசினார். ஆனால் சனிக்கிழமை. அறையில் தனியாக இருக்கிறவர்கள் அத்தனைபேரும் அன்று ஷிஃப்டில் இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் குடும்பம் குடும்பமாக வந்தார்கள்.

டீயில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. குடிக்கிற இடத்தில் பேச்சு வரவில்லை. குடும்பங்கள் தனித்தனிக் கும்பலாக நின்றன, தனியாள்கள் சுவரோரம் போனைப் பார்த்தபடி குடித்தார்கள். ஆலயத்துக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு குழாய், அதிலும் நூல்போலத்தான் தண்ணீர் வரும். டம்ளர் கழுவ வரிசை நின்றது. வரிசையில் நிற்கிறவனுக்குப் போனை எடுக்கக் கை காலியில்லை. முன்னால் நிற்பவரிடம் ஏதாவது பேசித்தான் ஆகவேண்டும். "எந்தக் கம்பெனி?" "அங்க இன்னும் ஓவர்டைம் குடுக்குறானா?" "சோப்பை இப்படித் தள்ளுங்க." இரண்டாவது வாரமே ஒருவர், இன்னொரு குழாய் போட்டால் சீக்கிரம் முடியுமே என்றார். வேண்டாம் என்று நானும் பெண்கள் ஐக்கியச் செயலாளரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. நான் கேட்டுக்குப் போகவில்லை. போய் நின்றால் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும் என்று மனைவி சொல்லிவிட்டாள். முதல் பாட்டில் அவர் இல்லை. வேதபாடத்திலும் இல்லை. பிரசங்கம் தொடங்கிய பிறகு வெள்ளைச் சட்டை ஒன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது. மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, நடைபாதையைத் தாண்டிப் போய், அதே பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்துகொண்டாள். எங்கள் சபையில் அப்படி யாரும் இடம் மாறுவதில்லை. சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்றைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள்" என்று போதகர் தொடங்கினார். யாரும் எழவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த அவர் பழக்கத்தில் அதன் முனையைப் பிடித்தார், பாதி எழுந்தேவிட்டார்.

"உக்காருங்க" என்றாள் மனைவி, பக்கத்து பெஞ்சுக்கும் கேட்கிற குரலில். "டீ உங்களுக்கும் உண்டு. டம்ளர்தான் நீங்க கழுவணும்."

முன் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

குழாய் வரிசையில் எனக்கு நாலுபேர் முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் கேன்டீனில் வேலை பார்க்கிற ஒரு நடுவயதுப் பெண்மணி. ஆறேழு மாதமாக வருகிறவர். டம்ளரை ஆட்டியபடி அவரைக் கேட்டார்:

"அண்ணே புதுசா?"

"இல்லம்மா. வந்து ஒரு வருசம் ஆகப்போகுது."

"நான் பாத்ததே இல்லையே."

"மூணு வாரத்துக்கு ஒருக்காத்தான் லீவு."

"எந்த ஊரு?"

சொன்னார்.

"அங்க வீட்ல யாரு இருக்கா?"

குழாயில் அவர் முறை வந்துவிட்டது. அவர் நகரவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி நின்று, "அம்மா இருந்தாக" என்று ஆரம்பித்தார். பின்னால் வரிசை நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது; கடைசியில் மனை விற்கிறவர் போய்க் குழாயை மட்டும் மூடிவிட்டுத் திரும்பித் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

அன்று மாலை நோட்டை எடுத்து நாள் பத்தியை நிரப்பினேன். பெயர்ப் பத்தியில் 'புதியோர் எவருமில்லை' என்று எழுதினேன். ஜெபக் குறிப்பில் அவருடைய தாயாரின் பெயரை எழுதினேன். அதைக் குழாயடியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.